பூட்டிய வீடும் வாடகை தேடும் குடும்பமும்: வீட்டு உரிமையாளர்கள் அறிய வேண்டிய சில கணக்குகள்

நம் நாட்டு நகரங்களில் நேர் எதிரான இரண்டு காட்சிகளை ஒரே தெருவில் காணலாம். ஒருபுறம் ஆண்டுக்கணக்கில் பூட்டியே கிடக்கும் வீடுகள். மறுபுறம் ஓர் அறைக்காக அலையும் குடும்பங்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 17.7 இலட்சம் பேர் வீடற்றவர்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், அதாவது சுமார் 9.4 இலட்சம் பேர், நகரங்களில் வாழ்ந்தவர்கள். அதே கணக்கெடுப்பில் நகர்ப்புறங்களில் காலியாக இருந்த வீடுகள் ஏறத்தாழ 1.1 கோடி.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், காலி வீடுகளில் ஒரு சிறு பங்கைத் திறந்துவிட்டால் போதுமே என்று எண்ணுவார். நடைமுறை அவ்வளவு எளிதன்று. வீட்டைப் பூட்டி வைப்பவருக்கும் ஒரு காரணம் உண்டு. கட்டி முடித்த வீட்டை வாடகைக்கு விட்டு, வாடகையும் வராமல், வீடும் திரும்பாமல் நீதிமன்றப் படியேறிய அனுபவம் அவருக்கோ அவருடைய உறவினருக்கோ இருந்திருக்கக்கூடும். அந்த அச்சத்தைப் புறக்கணித்துவிட்டு அறம் பேசுவதில் பயனில்லை. அச்சத்தைக் குறைக்கும் ஏற்பாடுகள் எவை, அவற்றில் அரசுத் திட்டங்களின் பங்கு என்ன, உரிமையாளருக்கு அதில் வரவு எவ்வளவு, பொறுப்பு எவ்வளவு என்பவற்றை இப்பாடத்தில் வரிசையாகக் காண்போம்.

ஒரு குடும்பம் வீடிழப்பது எவ்வாறு?

வீடிழப்பு ஒரே நாளில் நிகழ்வதில்லை. அது ஒரு சங்கிலி. நாட்கூலி பெறும் ஒருவர் நோயுற்றுப் பதினைந்து நாள் வேலைக்குச் செல்லவில்லை என்று கொள்வோம். அம்மாத வாடகையில் பாதி நிலுவையாகிறது. அடுத்த மாதம் மருந்துக் கடனையும் நிலுவையையும் சேர்த்துச் செலுத்த இயலவில்லை. மூன்றாம் மாதம் உரிமையாளர் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார். முன்பணம் நிலுவையில் கழிந்துவிடுகிறது. புதிய வீட்டிற்கு மீண்டும் முன்பணம் வேண்டும். கையில் அது இல்லை. இந்த இடத்தில்தான் குடும்பம் வீதிக்கு வருகிறது.

இச்சங்கிலியில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அக்குடும்பத்திற்கு மாதாமாதம் வாடகை செலுத்தும் திறன் பெரும்பாலும் இருக்கிறது. இல்லாதது இரண்டு: இடறல் மாதத்தைக் கடக்க ஒரு சிறு தொகை, புதிய வீட்டிற்கான முன்பணம். பெங்களூரு போன்ற நகரங்களில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. மாதம் 6,000 ரூபாய் வாடகை தரக்கூடிய ஒருவரிடம் 60,000 ரூபாயை ஒரே தவணையில் கேட்டால், அவர் வாடகை தர இயலாதவர் என்று நாமே முத்திரை குத்திவிடுகிறோம்.

2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில் இவ்வுண்மையை நாடே கண்டது. அவ்வாண்டு மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் பிறப்பித்த ஆணை, இடம்பெயர்ந்த தொழிலாளர்கள் முதலியோரிடம் ஒரு மாத காலத்திற்கு வாடகை கேட்கக் கூடாது என்றது. நோக்கம் நல்லது. ஆனால் அந்த ஒரு மாத இழப்பை யார் ஏற்பது என்பதற்கு அந்த ஆணையில் ஏற்பாடு இல்லை. நான்கு அறைகளை வாடகைக்கு விட்டு அதனால் வாழும் ஒரு விதவையும் உரிமையாளர்தான். நாற்பது வீடுகள் வைத்திருப்பவரும் உரிமையாளர்தான். ஆணையின் சுமை இருவர்மீதும் ஒன்றாகவே விழுந்தது. வாடகைதாரரைக் காக்கும் பொறுப்பை உரிமையாளரின் தோள்மீது மட்டும் ஏற்றினால் அது நெடுநாள் நிற்காது என்பதே அக்காலம் கற்பித்த பாடம்.

பழைய பாடம்: மும்பையின் அனுபவம்

இதே பாடத்தை மும்பை நகரம் முன்னரே கற்றது. நூற்பாலைத் தொழிலாளர்களுக்காக அந்நகரில் எழுந்த சால் எனப்படும் அடுக்கு வரிசைக் குடியிருப்புகள், ஓர் அறைக்கு ஒரு குடும்பம் என்ற கணக்கில் இலட்சக்கணக்கானோருக்கு உறைவிடம் அளித்தன. அவற்றுள் தனியார் கட்டியவையும் உண்டு. 1920-களில் அரசின் வளர்ச்சித் துறை வொர்லி, நய்காம், சிவ்ரி முதலிய இடங்களில் கட்டியவையும் உண்டு.

1947-ஆம் ஆண்டு பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையை உறைநிலையில் நிறுத்தியது. போர்க்காலத்திற்குப் பின் வாடகைதாரரைக் காக்க அது தேவையாக இருந்தது. ஆனால் சிமெண்டின் விலையும் கொத்தனார் கூலியும் ஏறிக்கொண்டே செல்ல, வாடகை மட்டும் அசையவில்லை. உரிமையாளர்கள் பழுதுபார்ப்பதை நிறுத்தினர். புதிய வாடகை வீடு கட்டுவோர் அருகினர். முடிவில் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கவென்றே 1969-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றி வாரியம் அமைக்க நேர்ந்தது. ஏற்கெனவே குடியிருந்தவருக்குப் பாதுகாப்பு கிடைத்தது. அதன்பின் நகருக்கு வந்த ஏழைக்கு வாடகை வீடே கிடைக்கவில்லை.

2017-18 பொருளாதார ஆய்வறிக்கை, மும்பையில் சுமார் 4.8 இலட்சம் வீடுகளும் தில்லி, பெங்களூரு ஆகிய நகரங்களில் தலா 3 இலட்சம் அளவிலும் காலியாக உள்ளன என்று சுட்டியது. உரிமையாளருக்கு நம்பிக்கை இல்லாத இடத்தில் வீடு சந்தைக்கு வராது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்றைய திட்டங்கள்

இதனை உணர்ந்து அண்மை ஆண்டுகளில் அரசு வேறு வழியை மேற்கொண்டுள்ளது. உரிமையாளரைக் கட்டுப்படுத்துவதற்கு மாறாக, அவரைப் பங்காளியாக ஆக்கும் வழி அது. நம் வாடிக்கையாளர்கள் அறிந்திருக்க வேண்டிய திட்டங்கள் சில.

முதலாவது, மலிவு வாடகைக் குடியிருப்பு வளாகத் திட்டம். பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் கீழ், 2020 ஜூலை 8 அன்று மத்திய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் அளித்தது. இதில் இரண்டு வகை. ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பிப்பு இயக்கம் முதலிய பழைய திட்டங்களில் அரசு நிதியால் கட்டப்பட்டு, ஆள் குடியேறாமல் கிடந்த வீடுகளைச் சீர்செய்து, 25 ஆண்டுகளுக்கு வாடகைக் குடியிருப்பாக நடத்துவது ஒரு வகை. பொது நிறுவனங்களும் தனியாரும் தம்முடைய சொந்தக் காலி நிலத்தில் வாடகை வளாகம் கட்டி 25 ஆண்டுகள் நடத்துவது மற்றொரு வகை.

இரண்டாம் வகையில் வந்தவர்க்கு அறிவிக்கப்பட்ட சலுகைகள் பல: கூடுதலாக 50 சதவீதத் தளப்பரப்புக் குறியீடு கட்டணமின்றி, 30 நாளில் ஒற்றைச் சாளர அனுமதி, குடிநீர்க் கழிவுநீர் இணைப்புகளுக்கு வீட்டு வீதத்திலேயே கட்டணம், வருமானவரிச் சலுகை ஆகியன அவற்றுள் சில. இவற்றிற்கு ஈடாக, வளாகத்தை நலிந்த பிரிவினருக்கும் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கும் மட்டுமே வாடகைக்கு விட வேண்டும். தொடக்க வாடகை உள்ளூர் நிலவரத்தை ஆராய்ந்து நிர்ணயிக்கப்படும். அதன்பின் இரண்டாண்டுக்கு ஒருமுறை 8 சதவீதம் உயர்த்தலாம். ஐந்தாண்டில் மொத்த உயர்வு 20 சதவீதத்தைக் கடக்கக் கூடாது. உறைநிலை வாடகையின் தவறு இங்குத் திருத்தப்பட்டிருப்பதைக் காண்க. வாடகை உயரும், ஆனால் எவ்வளவு உயரும் என்பது இருதரப்பாருக்கும் முன்கூட்டியே தெரியும்.

சண்டிகரின் மலோயா பகுதியில் காலியாக இருந்த 2,195 அடுக்குமாடி வீடுகள் இத்திட்டத்தின் முதல் வகையில் வாடகைக் குடியிருப்பாக மாற்றப்பட்டன. மாத வாடகை 3,000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. சூரத், அகமதாபாத், ராஜ்கோட் நகரங்களிலும் இவ்வகை வளாகங்கள் உருவாயின. ஆயினும் நாடு முழுவதும் இவ்வாறு மாற்றப்பட்ட வீடுகள் ஆறாயிரத்தை எட்டவில்லை. திட்டம் தொடங்கியபோது காலியாக இருந்தவையோ ஏறத்தாழ ஒரு இலட்சம். ஊருக்கு வெளியே, வேலைக்குச் செல்லப் பேருந்தும் இல்லாத இடத்தில் கட்டிய வீடு குறைந்த வாடகைக்கும் ஆள் சேர்க்காது என்பது இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை. வாடகை வீட்டின் முதல் மதிப்பு அதன் இருப்பிடமே.

இரண்டாவது, 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் 2.0. இதன் நான்கு பிரிவுகளுள் ஒன்றாக மலிவு வாடகை வீடுகள் இடம்பெற்றுள்ளன. பணிபுரியும் பெண்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், இடம்பெயர்ந்தோர், வீடற்றோர், ஆதரவற்றோர், மாணவர் எனப் பயனாளிகளின் பட்டியல் விரிந்துள்ளது. புதுமையான கட்டுமானத் தொழில்நுட்பத்தைக் கையாளும் வளாகங்களுக்குச் சதுர மீட்டருக்கு 3,000 ரூபாய் மத்திய அரசாலும், 2,000 ரூபாய் மாநில அரசாலும் மானியமாக வழங்கப்படுகிறது.

மூன்றாவது, சகி நிவாஸ் எனப்படும் பணிபுரியும் மகளிர் விடுதித் திட்டம். இதில் வாடகைக் கட்டடங்களில் விடுதி நடத்தவும் உதவி கிடைக்கிறது. ஆகவே தகுந்த கட்டடம் உடைய தனியார் ஒருவர், விடுதி நடத்தும் தகுதி பெற்ற அமைப்பிற்குத் தம் கட்டடத்தை வாடகைக்கு விட முடியும்.

சிறு உரிமையாளர் எங்கே நிற்கிறார்?

மேற்கண்டவற்றைப் படித்த வாசகர் ஒருவர், எனக்கு இருப்பது மாடியில் மூன்று அறைகள்தானே, இத்திட்டங்களால் எனக்கு என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான வினா. 2020-ஆம் ஆண்டுத் திட்டத்தில் ஒரு வளாகம் என்றால் குறைந்தது 40 குடியிருப்புகள், அல்லது அதற்கு ஈடான படுக்கைகள் வேண்டும். நம் நாட்டின் வாடகை வீடுகளில் பெரும்பகுதியை வைத்திருக்கும் சிறு உரிமையாளர் அந்த அளவிற்குள் வருவதில்லை.

அமெரிக்காவில் குறைந்த வருவாய்க் குடும்பத்திற்கு அரசு வாடகைச் சீட்டு வழங்குகிறது. குடும்பம் தன் வருவாயில் ஏறத்தாழ 30 சதவீதத்தைச் செலுத்த, மீதி வாடகையை உள்ளூர் வீட்டுவசதி அமைப்பு நேரே உரிமையாளருக்குச் செலுத்திவிடும். இத்தகைய ஏற்பாடு நாடு தழுவிய அளவில் நம்மிடம் இல்லை. எனினும் அதன் சாரமான கருத்தை, அதாவது வாடகையின் ஒரு பகுதிக்கேனும் நம்பத்தக்க மூன்றாமவர் ஒருவர் பொறுப்பேற்பதை, இங்கும் நடைமுறைப்படுத்த வழியுண்டு.

அந்த மூன்றாமவர் தொழிலாளரின் முதலாளியாக இருக்கலாம். வாடகை வளாகத் திட்டத்தின் வழிகாட்டு நெறிகளே, தொழிற்சாலைகளோடும் அமைப்புகளோடும் ஒப்பந்தம் செய்து, வாடகையை ஊதியத்தில் பிடித்து நேரே பெறுவதை ஊக்குவிக்கின்றன. சிறு உரிமையாளரும் இதே முறையைப் பின்பற்றலாம். வெளிமாநிலத் தொழிலாளர்க்குத் தகுந்த தங்குமிடம் அளிப்பது ஒப்பந்தக்காரரின் கடமை என்று 1979-ஆம் ஆண்டு மாநிலங்களுக்கிடையே இடம்பெயர்ந்த தொழிலாளர் சட்டமே விதித்திருந்தது. அக்கடமையை நிறைவேற்ற நல்ல அறைகளைத் தேடும் நிறுவனங்கள் உள்ளன. மூன்றாமவர் பதிவு பெற்ற தொண்டு நிறுவனமாகவோ, விடுதி நடத்தும் அமைப்பாகவோ, மாணவர் விடுதிக்குக் கட்டடம் தேடும் அரசுத் துறையாகவோ இருக்கலாம்.

ஒரு கணக்கு

வணிகவியல் பயின்றோர் எதையும் ஏட்டில் எழுதிப் பார்த்த பின்பே நம்புவர். நாமும் ஒரு கற்பனைக் கணக்கை எழுதிப் பார்ப்போம்.

தொழிற்பேட்டை ஒன்றின் அருகே ஒருவருக்குப் பத்து அறைகள் உள்ளன. ஓர் அறைக்குச் சந்தை வாடகை மாதம் 4,500 ரூபாய். பத்து அறைகளும் ஆண்டு முழுவதும் நிறைந்திருந்தால் வரவு 5,40,000 ரூபாய். ஆனால் ஆள் மாறும்போதெல்லாம் அறை காலியாகிறது. ஓர் அறை ஆண்டில் சராசரியாக இரண்டு மாதம் காலியாக இருப்பதாகக் கொண்டால் இழப்பு 90,000. மூன்று அறைகளில் இருந்தவர்கள் இரண்டு மாத நிலுவையோடு சென்றுவிட்டால் 27,000. ஆள் மாறும்போது தரகும் வெள்ளையடிப்பும் அறைக்கு 2,000 வீதம் 20,000. கையில் நிற்பது 4,03,000 ரூபாய்.

இதே பத்து அறைகளையும் ஒரு நிறுவனத்திற்கு மூன்றாண்டு ஒப்பந்தத்தில், அறைக்கு 4,000 ரூபாய் வீதம் விடுவதாகக் கொள்வோம். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாடகை உண்டு என்பது நிபந்தனை. ஆண்டு வரவு 4,80,000. பராமரிப்பிற்கு 10,000 போக நிற்பது 4,70,000 ரூபாய். அறைக்கு 500 ரூபாய் குறைத்துக்கொண்டவர், ஆண்டிறுதியில் 67,000 ரூபாய் கூடுதலாகப் பெறுகிறார். இக்கணக்கின்படி, வாடகையை ஏறத்தாழ 3,450 ரூபாய் வரை குறைத்தாலும் அவருக்கு முன்பைவிட நட்டமில்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுவது நம் கடமை. எப்போதும் ஆள் காத்திருக்கும் இடத்தில், நிலுவையே வைக்காத வாடகைதாரர்கள் அமைந்துவிட்டால், தனித்தனியாக விடுவதில் 5,20,000 ரூபாய் வரை நிற்கும். அங்கு ஒப்பந்த முறை வரவைக் குறைக்கும். ஆகவே ஒவ்வொருவரும் கடந்த மூன்று ஆண்டுகளில் தம் அறைகள் எத்தனை மாதம் காலியாக இருந்தன, எவ்வளவு நிலுவை வராமற் போயிற்று என்பதைத் தம் குறிப்பேட்டிலிருந்தே எடுத்து இக்கணக்கைப் போட வேண்டும். பலர் காலி மாதத்தை இழப்பாகவே எழுதுவதில்லை. அதனால் உயர்ந்த வாடகை எப்போதும் இலாபமாகத் தோன்றுகிறது.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை

நம்பிக்கை என்பது எழுத்தில் இருக்கும்போதே வலுப்பெறும். 2021 ஜூன் 2 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், இதற்கு நல்ல வழிகாட்டி. மாநிலங்கள் தத்தம் சட்டத்தை இதனை ஒட்டி அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. உத்தரப் பிரதேசமும் அஸ்ஸாமும் 2021-இல் புதிய சட்டம் இயற்றின. தமிழ்நாடு அதற்கு முன்னரே 2017-இல் உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைப்படுத்தியது.

மாதிரிச் சட்டத்தின் முக்கிய விதிகள் இவை. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு மாதத்திற்குள் வாடகை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். குடியிருப்புக்கு முன்பணம் இரண்டு மாத வாடகையைக் கடக்கக் கூடாது. தமிழ்நாட்டுச் சட்டத்தில், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, இவ்வரம்பு மூன்று மாத வாடகை. வாடகையை உயர்த்த மூன்று மாத முன்னறிவிப்பு வேண்டும். உரிமையாளர் வீட்டினுள் நுழைய 24 மணி நேர முன்னறிவிப்புத் தர வேண்டும். என்ன பிணக்கு இருந்தாலும் குடிநீரையும் மின்சாரத்தையும் துண்டிக்கக் கூடாது.

உரிமையாளருக்கும் அச்சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. தொடர்ந்து இரண்டு மாதம் வாடகை செலுத்தாமல், கோரிக்கை அறிவிப்புக் கொடுத்த ஒரு மாதத்திற்குள்ளும் நிலுவையைத் தீர்க்காதவரை வெளியேற்ற வாடகை நீதிமன்றத்தை நாடலாம். ஒப்பந்தக் காலம் முடிந்தும் வெளியேறாதவர், முதல் இரண்டு மாதம் இருமடங்கும் அதன்பின் நான்கு மடங்கும் வாடகை செலுத்த நேரும். வழக்குகளை முடிக்கவும் கால வரம்பு விதிக்கப்பட்டுள்ளது. ஆகவே, எழுத்தில் போட்டால் நமக்கே ஆபத்து என்று எண்ணி வாய்மொழியாக விடும் பழைய வழக்கம், இன்று உரிமையாளரையே பாதுகாப்பற்றவராக ஆக்குகிறது.

நிறுவனத்தோடோ அமைப்போடோ ஒப்பந்தம் செய்யும்போது மேலும் ஐந்து கூறுகளைச் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் பரிந்துரை.

முதலாவது, வாடகை வங்கிக் கணக்கில் குறித்த தேதிக்குள் வர வேண்டும். தாமதத்திற்கு வட்டி எவ்வளவு என்பது எழுதப்பட வேண்டும்.

இரண்டாவது, அறை ஒன்றில் எத்தனை பேர் என்ற உச்சவரம்பு. இது இல்லாத இடத்தில் நான்கு பேருக்கான அறையில் பத்துப் பேர் அடைக்கப்படுவர். கட்டடமும் கெடும், மனிதரும் துன்புறுவர்.

மூன்றாவது, பழுதுபார்ப்பதில் யார் பொறுப்பு எது என்ற பட்டியல். கூரை, சுவர், குழாய் வழி உரிமையாளருடையது; விளக்கு, தாழ்ப்பாள், துப்புரவு நடத்துபவருடையது என்பது போலப் பிரித்தெழுதுதல் நன்று.

நான்காவது, குடியேறும் நாளிலேயே அறையின் நிலையை ஒளிப்படத்தோடு பதிந்து இருதரப்பும் கையொப்பமிடுதல். முன்பணத்தைத் திருப்பித் தரும்போது எழும் சச்சரவுகளில் பெரும்பாலானவை இதனால் எழாமற் போகும்.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: அறையில் உறங்குபவரின் பாதுகாப்பு. முதலாளியே வாடகைதாரராக இருக்கும் ஏற்பாட்டில், வேலை இழந்த தொழிலாளி அன்று மாலையே தங்குமிடத்தையும் இழக்கிறார். வீடிழப்பைத் தடுக்கச் செய்த ஏற்பாடே வீடிழப்பிற்குக் காரணமாகிவிடும். வேலை முடிந்த பின்னும் 30 நாள் தங்க உரிமை உண்டு, அக்காலத்து வாடகை நிறுவனத்தின் பொறுப்பு என்ற ஒரு வரி இருந்தால், அந்தத் தொழிலாளி வேறு வேலையும் வேறு அறையும் தேடிக்கொள்வார். பத்து அறைக்கு ஆண்டில் இரண்டு மூன்று முறை நேரக்கூடிய இச்செலவு, நிறுவனத்திற்குச் சிறிது; அந்த மனிதருக்கோ பெரிது.

வங்கியின் பங்கு

இங்கு வங்கியாளராகிய நாங்கள் மூன்று செய்திகளைக் கூற விரும்புகிறோம்.

வாடகையைக் கையில் வாங்காமல் கணக்கில் வாங்குங்கள். மாதாமாதம் தவறாது வரவு வைக்கப்படும் வாடகை, பிற்காலத்தில் நீங்கள் வீட்டை விரிவாக்கவோ பழுதுபார்க்கவோ கடன் கேட்கும்போது உங்கள் வருவாய்க்குச் சான்றாக நிற்கும். கையில் வாங்கிய வாடகையை எந்தக் கடன் அதிகாரியாலும் கணக்கிட முடியாது. நிலையான ஒப்பந்தம் உள்ள பெரிய கட்டடங்களுக்கு, வரப்போகும் வாடகையை அடிப்படையாகக் கொண்டு கடன் வழங்கும் முறையும் வங்கிகளில் உண்டு. அதில் ஒப்பந்தக் காலம், வாடகை செலுத்துபவரின் தகுதி, கட்டடத்தின் ஆவணங்கள் ஆகியவை ஆராயப்படும்.

வருமானவரிக் கணக்கில் வாடகையைக் காட்டத் தயங்க வேண்டா. நகராட்சிக்குச் செலுத்திய சொத்துவரியைக் கழித்த பின் நிற்கும் வாடகையில் 30 சதவீதம், பழுதுபார்ப்புச் செலவிற்கென எவ்விதச் சீட்டும் இன்றியே கழிக்கப்படுகிறது. பத்து அறைகளின் வரவை மறைப்பவர், இக்கழிவையும் கடன் தகுதியையும் ஒருசேர இழக்கிறார்.

வாடகைதாரருக்கு வங்கிக் கணக்கு இல்லையெனில் தொடங்க உதவுங்கள். ஜன் தன் கணக்கிற்குக் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை. வாடகையைக் கணக்கின் வழியாகச் செலுத்தி வந்த ஒருவர், ஊர் மாறிச் செல்லும்போது, தாம் தவறாது வாடகை செலுத்தியவர் என்பதற்குத் தம் கணக்கேட்டையே காட்டலாம். முன்பணம் குறைத்துத் தருமாறு கேட்க அவருக்கு வேறென்ன சான்று உண்டு?

இடறல் மாதம்

முதலில் கூறிய சங்கிலிக்கு மீண்டும் வருவோம். நோயுற்ற மாதத்தில் தொடங்கி வீதியில் முடியும் அச்சங்கிலியை அறுக்கும் வாய்ப்பு, பெரும்பாலும் முதல் நிலுவை மாதத்திலேயே உரிமையாளரின் கையில் இருக்கிறது. மூன்றாம் மாதத்தில் நிலுவை மலையாகிவிடும். அப்போது இருதரப்பாரும் கோபத்திலேயே பேசுவர். முதல் மாதத்தில் தொகை சிறியது; பேச்சும் எளிது.

6,000 ரூபாய் வாடகையில் 3,000 நிலுவை வைத்தவரிடம், அதனை அடுத்த ஆறு மாதங்களில் 500 ரூபாய் வீதம் சேர்த்துத் தருமாறு எழுதி வாங்கிக்கொள்ளலாம். அவரை வெளியேற்றினால், ஒரு மாதம் அறை காலியாக இருந்தாலே 6,000 ரூபாய் இழப்பு. தரகும் வெள்ளையடிப்பும் வேறு. 3,000 ரூபாயை வாங்குவதற்காக 8,000 ரூபாயை இழப்பது நல்ல வணிகமன்று. மாறாக, தவணை உடன்பாட்டையும் மீறுபவர் எவர் என்பதும் இரண்டாம் மாதத்திலேயே தெரிந்துவிடும். அப்போது சட்ட வழி திறந்தே இருக்கிறது. இரக்கமும் கணக்கும் இங்கு ஒரே விடையைத் தருகின்றன. எல்லா இடத்திலும் அவ்வாறு தருவதில்லை. தரும் இடத்தில் அதனை நழுவ விடலாகாது.

நினைவில் கொள்ள

காலி மாதமும் வராத நிலுவையும் இழப்பே. அவற்றைக் கணக்கில் எழுதுக.

எழுத்தில் இல்லாத ஒப்பந்தம் இருவரையும் காக்காது. உங்கள் மாநிலச் சட்டத்தின்படி அதனைப் பதிவு செய்க.

முன்பணத்தைச் சட்ட வரம்பிற்குள் வைத்துக்கொள்க. உயர்ந்த முன்பணம் நல்ல வாடகைதாரரையும் விலக்கிவிடும்.

வாடகைக்குப் பொறுப்பேற்கும் நிறுவனமோ அமைப்போ கிடைத்தால், அதன் பதிவு, முந்தைய ஒப்பந்தங்கள், செலுத்திய வரலாறு ஆகியவற்றைக் கேட்டறிக.

காலி நிலம் உடையவர்கள், மலிவு வாடகை வீடுகள் பிரிவில் தம் ஊரில் என்ன வாய்ப்பு உள்ளது என்பதை நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகத்தில் விசாரிக்கலாம். கடன் தேவை எழும்போது, கட்டட வரைபட ஒப்புதலோடும் உத்தேச வாடகைக் கணக்கோடும் கிளை மேலாளரை அணுகுக. அக்கணக்கில் ஆண்டின் பன்னிரண்டு மாதமும் வரவு வரும் என்று எழுதி வர வேண்டா. பத்து மாத வரவில் தவணை செலுத்த முடியுமா என்று முதலில் போட்டுப் பார்த்து வருக. நாங்கள் முதலில் கேட்கும் வினாவும் அதுவே.